குளிசை எழுதிய அன்று இருந்த சிறுநீரகம் இன்றும் இருக்கிறதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

இருதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்குக் கொடுக்கப்படும் ‘இரத்தம் மெல்லிசாக்கும்’ குளிசைகள் பற்றி, சிறுநீரக நோயும் கூடவே உள்ளவர்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறோம். “அது எலிப்பாசாணம், கிட்னியைத் தின்றுவிடும்” என்று யாரோ சொல்லக் கேட்டுத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. அவர்களைவிடக் கூடுதல் கவலை தருகிறவர்கள், மூன்று நான்கு வருடத்துக்கு முந்திய துண்டைக் காட்டி அதே குளிசையை அதே அளவில் இன்றும் வாங்குகிறவர்கள். குளிசை மாறவில்லை. அதை உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் இடையில் மாறிவிட்டது.

எலிப்பாசாணக் கதை முழுப் பொய்யும் அல்ல. 1920களில் வட அமெரிக்காவில், பழுதடைந்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்தன. விஸ்கொன்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்பரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பொருள் ஒன்றுதான், அளவுதான் வேறு. இந்தக் கடிதம் முழுக்க அந்த அளவைப் பற்றியதே.

முதலில் நோயைச் சொல்லவேண்டும். இருதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதைத்தான் கிளினிக் கொப்பியில் ஏ.எஃப் என்று எழுதுகிறார்கள். நாடி பிடித்தால் தாளம் இருக்காது. ஒரு துடிப்புப் பெரிதாய், அடுத்தது சிறிதாய், நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கும். சிலருக்குப் படபடப்பும் இளைப்பும் தெரியும், பலருக்கு எதுவுமே தெரியாது. இடது மேலறையின் ஓரத்தில் விரல்போல நீண்ட சிறு பை ஒன்று உண்டு. அறை நடுங்கும்போது அதற்குள் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த கட்டி கழன்று மூளைக்கு ஏறினால் பாரிசவாதம். ஏ.எஃப் உள்ளவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு. ஒழுங்காக எடுக்கப்படும் வார்பரின் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. உண்மையில் இந்தக் குளிசைகளால் இரத்தம் தண்ணீராவதில்லை. உறையும் வேகம் குறைகிறது, அவ்வளவே. ‘மெல்லிசாக்கும்’ என்ற சொல்லே பாதிப் பயத்துக்குக் காரணம்.

பயத்தில் சிலர் “இது வேண்டாம், அஸ்பிரின் 75 போதும்” என்கிறார்கள். ஏ.எஃபினால் வரும் பாரிசவாதத்தை அஸ்பிரின் தடுப்பது மிகக் குறைவு. வயிற்றில் இரத்தக்கசிவை அதுவும் உண்டாக்கும். வார்பரின் எடுக்க முடியாதவர்களில், வார்பரினுக்குப் பின் வந்த புதிய குளிசைகளில் ஒன்றான அபிக்சபானையும் அஸ்பிரினையும் ஒப்பிட்ட ‘அவெரோஸ்’ ஆய்வு 2011இல் வெளியானது. அதில் அபிக்சபான் பாரிசவாதத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. பெரிய இரத்தக்கசிவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரினோ குளோபிடோகிரலோ தேவைப்படும், அது வேறு காரணத்துக்கு. அப்போதும் எத்தனை மாதத்துக்கு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கென்று தொடங்கியது மூன்று வருடமாகத் தொடர்வதுதான் வயிற்று இரத்தக்கசிவில் முடிகிறது.

சிறுநீரக நோய் இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் கையை வைக்கிறது. கழிவு தேங்கிய இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தவறுகின்றன, ஆகவே இரத்தம் எளிதில் கசியும். அதே நோய் குழாய்ச் சுவர்களைக் கெடுத்து உறைதலையும் கூட்டுகிறது. ஏ.எஃப் மட்டும் உள்ளவரைவிட ஏ.எஃபும் சிறுநீரக நோயும் சேர்ந்தவருக்குப் பாரிசவாதமும் கூட, இரத்தக்கசிவும் கூட. வவுனியாவிலும் அதற்கப்பால் மதவாச்சி, பதவியாப் பக்கத்திலும் உள்ள காரணம் தெரியாத சிறுநீரக நோய் பற்றி நாடே பேசுகிறது. நம் வீடுகளில் பிரசரும் சலரோகமும் அரவமில்லாமல் செய்யும் சேதத்தை அந்தளவுக்கு யாரும் பேசுவதில்லை. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகக் கெடுப்பவை இந்த இரண்டுந்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘கிரியேட்டினின் 1.3’ என்றிருந்தால் “கொஞ்சம்தான் கூட” என்று மடித்து வைத்துவிடுகிறோம். அந்த எண் தனியே நின்று எதையும் சொல்வதில்லை. வயது, நிறை, ஆணா பெண்ணா என்பவற்றோடு சேர்த்தால்தான் அது பேசும். 1976இல் இருந்து பாவனையில் உள்ள கொக்குரோவ்ட்–கோல்ட் சூத்திரம் இது: 140இல் இருந்து வயதைக் கழிக்கவும், வருவதைக் கிலோவில் உள்ள நிறையால் பெருக்கவும், அதை 72 தர கிரியேட்டினினால் பிரிக்கவும், பெண்ணாக இருந்தால் கடைசியில் 0.85ஆல் பெருக்கவும். கிரியேட்டினின் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் இருக்கவேண்டும். தாளில் 115, 140 என்று பெரிய எண்கள் இருந்தால் அது மைக்கிரோமோல் கணக்கு, 88.4ஆல் பிரித்துக்கொள்ளலாம்.

40 வயது, 75 கிலோ ஆணுக்கு 1.3 வந்தால் விடை நிமிடத்துக்கு 80 மில்லிலீற்றர். சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ எவ்வளவு இரத்தத்தைத் துப்புரவாக்குகிறது என்பதே இந்த விடை; கீழே ‘கணக்கு’ என்று சொல்வதும் இதையே. பயப்பட ஒன்றுமில்லை. 78 வயது, 44 கிலோ அம்மா ஒருவருக்கு அதே 1.3 வந்தால் விடை 25. ஒரே எண், ஆனால் இந்த அம்மாவின் சிறுநீரகம் அந்த ஆணுடையதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் செய்யவில்லை. சில ஆய்வுகூடங்கள் தாளிலேயே ஜி.எஃப்.ஆர் என்று ஒரு மதிப்பீட்டை அச்சிட்டுத் தருகின்றன. அது பெரிய உடம்பொன்றுக்கு ஏற்பச் சரிக்கட்டிய எண். இதே அம்மாவுக்கு இப்போதைய சூத்திரப்படி அது ஏறத்தாழ 42 என்று காட்டும். நோயின் படிநிலையைச் சொல்ல அந்த எண் நல்லது. புதிய குளிசைகளின் அளவுகளோ முதற் சூத்திரத்தை வைத்துச் சோதிக்கப்பட்டவை. 42ஐ நம்பி அளவு போட்டால் மெலிந்த முதியவர்களுக்குக் கூடிப்போகும்.

நிறை என்றால் அன்றைய நிறை. அடையாள அட்டை எடுத்த காலத்து நிறையோ, கண்மதிப்போ உதவாது. கால் வீங்கியிருந்தால் நீரின் பாரமும் சேர்ந்து நிறை பொய் சொல்லும். வீக்கம் வற்றிய பின் எடுத்ததைப் பாவிக்க வேண்டும். சலரோகத்தால் கால் இழந்தவர், படுக்கையில் கிடந்து தசை கரைந்தவர் ஆகியோரில் கிரியேட்டினின் தானே குறைந்து நிற்கும். தசைதான் அதைச் செய்கிறது, தசை இல்லாவிட்டால் எண் அழகாக இருக்கும், சிறுநீரகம் அழகாக இராது.

இனிப் புதிய குளிசைகள். டபிகட்ரான் ஏறத்தாழ 80 வீதம் சிறுநீரகம் வழியே போகிறது, எடொக்சபான் 50 வீதம், ரிவரொக்சபான் மூன்றில் ஒன்று, அபிக்சபான் 27 வீதம். இந்த வரிசையை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும். கணக்கு 30க்குக் கீழே இறங்கியவருக்கு டபிகட்ரான் ஐரோப்பிய விதிப்படி கொடுக்கப்படுவதில்லை. அது உடம்பில் பாதியாகக் குறையச் சாதாரணமாக 12 முதல் 17 மணித்தியாலம் எடுக்கும். சிறுநீரகம் மோசமாக இருந்தால் ஒரு நாளையும் தாண்டும். அடுத்த வில்லை வரும்போது முந்தியது இன்னும் உள்ளே இருக்கும். ரிவரொக்சபான் வழமையில் நாளுக்கு ஒருமுறை 20 மி.கி, கணக்கு 15 முதல் 49 வரை என்றால் 15 மி.கி.

அபிக்சபானில்தான் குழப்பம் கூட. வழமையான அளவு 5 மி.கி, காலையும் இரவும். வயது 80 அல்லது அதற்கு மேல், நிறை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் 2.5 மி.கி, இரண்டு வேளை. மேலே சொன்ன அம்மாவைப் பாருங்கள். வயது 78, கிரியேட்டினின் 1.3, நிறை மட்டுந்தான் பொருந்துகிறது. மூன்றில் ஒன்றுதான் என்று முழு அளவு எழுதிவிடலாம். ஆனால் ஐரோப்பிய விதியில் இன்னொரு வரி உண்டு: கணக்கு 15 முதல் 29 வரை என்றால் அதுவே போதும், 2.5க்கு இறங்க வேண்டும். அமெரிக்கப் பெட்டியில் உள்ள தாளில் அந்த வரி இல்லை. கணக்கைப் போட்டுப் பார்க்காதவருக்கு இந்த அம்மா முழு அளவுக்காரி.

இதன் மறுபக்கமும் தவறுதான். “வயது போனவர், எதற்கும் சின்னக் குளிசை” என்று எல்லோருக்கும் 2.5 எழுதுவது இரக்கம் போலத் தெரியும். 76 வயது, 68 கிலோ, கிரியேட்டினின் 1.2 உள்ளவருக்கு அது அரைப் பாதுகாப்பு; இரத்தக்கசிவு குறையும் என்பதற்கும் உறுதியில்லை. காசு காணாமல் இரண்டு வேளைக் குளிசையை ஒரு வேளையாக்குவதும் இதே கதை. இந்தக் குளிசைகளின் வேலை 12 மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும். மிச்ச 12 மணித்தியாலம் இருதயத்தின் அந்தச் சிறு பை காவலின்றிக் கிடக்கும். வாங்கக் கட்டுப்படாது என்றால் வைத்தியரிடம் நேரே சொல்லி வார்பரினுக்கு மாறுவது மேல்.

வெளிநாட்டுப் பொதிகள் பற்றியும் சொல்லவேண்டும். கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ பிள்ளைகள் அன்போடு அனுப்பும் பெட்டியில் உள்ள மில்லிகிராம் இங்குள்ள தகப்பனின் சிறுநீரகத்தைக் கேட்டு அனுப்பப்பட்டதல்ல. அதே மருந்து இங்கே வேறு வணிகப் பெயரில் கொப்பியில் இருந்தால் இரண்டும் சேர்ந்து வாய்க்குள் போகும். பெட்டியின் பெரிய எழுத்தை விட்டு அதன் கீழே சின்னதாக உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். டபிகட்ரான் வில்லையை உடைத்துத் தூளைக் கொடுக்கக்கூடாது, உடம்பில் சேரும் அளவு திடீரென ஏறும். ஈரம் பட்டால் கெடும் என்பதால் அதை வாராந்தக் குளிசைப் பெட்டியில் மாற்றி வைப்பதும் கூடாது.

வார்பரின் ஈரலில் உடைவது. அதனால் “சிறுநீரகத்துக்கு ஆகாது” என்ற பேச்சு அதற்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சிறுநீரகம் கெட்டவரின் ஈரலும் மருந்தை மெதுவாகத்தான் உடைக்கிறது. பசியில்லை, உணவில் விற்றமின் கே குறைவு, அடிக்கடி தொற்று, அதற்கு அன்ரிபயோட்டிக். ஆகவே இவர்களுக்கு மற்றவரைவிடக் குறைந்த அளவே போதும், இரத்தம் உறைய எவ்வளவு தாமதிக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர் எண்ணும் ஊஞ்சல் போல ஆடும். ஏ.எஃபுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். 2க்குக் கீழே பாரிசவாதம் எட்டிப் பார்க்கும். 4ஐத் தாண்டினால் இரத்தக்கசிவின் ஆபத்துச் செங்குத்தாக ஏறும். 3க்கு மேல் நீண்டு நின்றால் சிறுநீரக வடிகட்டிகளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து, செங்கலங்கள் நுண்குழாய்களை அடைத்து, கிரியேட்டினின் திடீரென ஏறுவதும் உண்டு. ‘கிட்னியைத் தின்னும்’ என்ற பேச்சில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். அதைத் தடுப்பது குளிசையை நிறுத்துவதல்ல, ஐ.என்.ஆர் எண்ணை 3க்குக் கீழே வைப்பது.

அளவு மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய நான்கைந்து நாளாகும், ஆகவே மறுநாளே மறுபடி மாற்றுவது வீண். தொடக்கத்தில் வாரத்துக்கொரு முறையோ அதற்கும் கூடவோ, நிலைத்த பின் மாதத்துக்கொரு முறையாவது பரிசோதிக்க வேண்டும். பின்னேரம் 6 மணிக்கு எடுக்கச் சொல்வதற்குக் காரணம், காலையில் எடுத்த இரத்தத்தின் முடிவைப் பார்த்து அன்றிரவு அளவையே திருத்தலாம் என்பது. மறந்துபோனால் அன்றைக்குள் நினைவு வரும்போது எடுக்கலாம். மறுநாள் இரண்டாக எடுக்கக்கூடாது. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்து பரிசோதிக்கிறவருக்கு, காற்று மழைக் காலத்தில் ஒரு தவணை தவறுவது ஒழுங்கீனம் அல்ல. அப்படிப்பட்டவருக்கு ஐ.என்.ஆர் தேவைப்படாத குளிசை பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. கட்டுப்பாடான அளவில் எடுத்தால் மூளைக்குள் இரத்தக்கசிவு வார்பரினைவிடப் புதியவற்றில் ஏறத்தாழப் பாதிதான். சிறுநீரகம் மிதமாகக் குறைந்தவர்களில் அபிக்சபானின் அனுகூலம் இன்னும் தெளிவு. 2011இல் வெளியான ‘அரிஸ்ரோட்டில்’ ஆய்வில் அது தெரிந்தது.

ஆனால் எல்லோருக்கும் மாற்ற முடியாது. சிறுவயதில் வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ரிவரொக்சபானை வார்பரின் வகை மருந்தோடு ஒப்பிட்ட ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022இல் வந்தது. வார்பரின் வகைதான் வென்றது. உலோக வால்வு பொருத்தியவருக்கும் வார்பரின் மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் ஊசி குத்தல் இல்லாத குளிசைக்கு மாறிவிட்டார் என்பதற்காக இவர்கள் மாறக்கூடாது.

வார்பரின் குளிசை 1, 3, 5 மி.கி என்று வரும். பிரித்தானிய வழக்கில் 1 மண்ணிறம், 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. மற்ற நாட்டுத் தயாரிப்புகளில் நிறம் வேறு, ஆகவே நிறத்தை நம்பி எடுக்கவேண்டாம். துண்டில் ‘3’ என்று மட்டும் எழுதியிருந்து, கையில் இருப்பது 5 மி.கி குளிசையாக இருந்தால், மூன்று குளிசை 15 மி.கி. இந்தப் பிழை நடக்கக்கூடிய இடம் வீட்டு மேசைதான். ‘3 மி.கி, குளிசை 1’ என்று முழுதாக எழுதித் தரும்படி கேளுங்கள். வார்பரினில் இருந்து புதியதற்கு மாறும்போது பழைய பொதியை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். ஐ.என்.ஆர் 2க்குக் கீழே இறங்கிய பின்தான் அபிக்சபானும் டபிகட்ரானும் தொடங்கப்படுகின்றன.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, முழங்கால் நோவுக்குப் பார்மசியில் டைக்குளோபெனாக் இரண்டு அட்டை வாங்குவதோடு எல்லாம் கவிழ்கிறது. டைக்குளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அமிலம், நெப்ரொக்சென் ஆகியவை மூன்று இடத்தில் கடிக்கின்றன: சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், வயிற்றில் புண் போடும், சிறுதட்டுகளை வேலை செய்யவிடாது. பிரசருக்கான லொசாட்டனும் நீரை வெளியேற்றும் புரூசமைட்டும் எடுக்கிறவருக்கு இதுவும் சேர்ந்தால் சில நாட்களிலேயே கிரியேட்டினின் ஏறும். ஏறினால் இரத்தக் குளிசையும் தேங்கும். நோவுக்குப் பரசிற்றமோல் பாதுகாப்பானது. என்றாலும் வார்பரின் எடுக்கிறவர் நாளுக்கு 500 மி.கி நான்கு வீதம் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர் ஏறும், பரிசோதிக்க வேண்டும். கற்பூர வாசனை வரும் நோத் தைலங்கள் பலவற்றில் மெதைல் சலிசிலேட் உண்டு. உடம்பு முழுக்கத் தினமும் தேய்த்தால் அதுவும் வார்பரினைக் கூட்டும். பிட்டத்தில் நோ ஊசி போடுவது வேண்டவே வேண்டாம், தசைக்குள் இரத்தம் கட்டி வீங்கும்.

அன்ரிபயோட்டிக் எழுதும் ஒவ்வொருவரிடமும் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல், மெட்ரோனிடசோல், புளுகொனசோல் ஆகியவை வார்பரினை ஓரிரு நாளிலேயே தூக்கிவிடும். வாய்ப்புண்ணுக்குப் பூசும் மைக்கொனசோல் களியும் அப்படித்தான். கிளாரித்ரோமைசின், வெரப்பமில் ஆகியவை டபிகட்ரானைக் கூட்டும். வலிப்புக்கான பினிற்றோயின், கார்பமசெப்பின், காச நோய்க்கான ரிபாம்பிசின் ஆகியவை புதிய குளிசைகளைப் பலனற்றதாக்கும். ஏ.எஃபுக்கே எழுதப்படும் அமியோடரோன் வார்பரினை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்தும், தொடங்கி இரண்டு மாதம் வரை கண் வைத்திருக்க வேண்டும். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜொக்சினும் சிறுநீரகம் வழியே போவதுதான். பசியின்மை, ஓங்காளம், பார்வையில் மஞ்சள் தட்டுவது எல்லாம் அது தேங்குவதற்கு அடையாளம்.

கீரை விடயத்தில் தேவையில்லாத கண்டிப்பு இருக்கிறது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, இலைக்கஞ்சி எல்லாவற்றிலும் விற்றமின் கே உண்டு, அது வார்பரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காக முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் உண்கிறவர் எப்போதும் இரண்டு நாளே உண்டால், அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். சிக்கல் திடீர் மாற்றத்தில். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் விட்டு கீரையாகவே உண்டால் ஐ.என்.ஆர் இறங்கும், கந்தசஷ்டி ஆறு நாளும் ஒரு வேளை, இளநீர், பால் என்று இருந்தால் ஏறும். விரதத்துக்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும் பரிசோதித்தால் போதும். ரிவரொக்சபான் 15, 20 மி.கி வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. விரத நாளில் உண்ணும் அந்த ஒரு வேளையோடு அதை எடுக்கவேண்டும். புதிய குளிசைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விடயம், இளநீரும் அதில் அடங்கும்.

கணக்கு இறங்குவது எப்போதும் வருடக்கணக்கில் அல்ல. ஒரு நாள் வயிற்றோட்டம், இரண்டு நாள் சத்தி, சித்திரை வெயிலில் தண்ணீர் குடியாமை எதுவாயினும் ஏற்கெனவே 35இல் நிற்கும் சிறுநீரகத்தை 20க்குத் தள்ளிவிடும். ஒரு நாளுக்கு மேல் வயிற்றோட்டமோ சத்தியோ தொடர்ந்தால் கிரியேட்டினின் பார்க்கவேண்டும். மழைக் காலத்தில் டெங்கு வேறு. சிறுதட்டுகள் இறங்கும் நோயில் இந்தக் குளிசையும் உள்ளே இருந்தால் கசிவை நிறுத்த இரண்டு தடை. காய்ச்சல் வந்த முதல் நாளே வைத்தியசாலையில் ‘இந்தக் குளிசை எடுக்கிறேன்’ என்று சொல்லி இரத்தம் பார்த்து, தொடர்வதா இடைநிறுத்துவதா என்பதை அங்கே முடிவெடுக்க விடுங்கள். 2024 டிசம்பரில் யாழ் மாவட்டத்தைப் பயமுறுத்திய எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தை நாட்கணக்கில் முடக்கக்கூடியது. வயலில் நின்றவர் காய்ச்சலோடு சிறுநீர் குறைந்தால் குளிசையை நினைவில் வைக்கவேண்டும்.

அமைதியான நாட்களில் எத்தனை மாதத்துக்கொரு முறை கிரியேட்டினின் பார்ப்பது? கணக்கு 60க்குக் கீழே என்றால் அதைப் பத்தால் பிரித்து வரும் எண்தான் மாதம். 50 என்றால் ஐந்து மாதம், 25 என்றால் இரண்டரை மாதம்.

டயலிசிஸ் செய்கிறவர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நேர்மை. அவர்களுக்கு இந்தக் குளிசைகளால் நன்மை கூடவா தீமை கூடவா என்று பார்த்த ‘ரீனல்–ஏ.எஃப்’ (2022), ‘அக்சாடியா’ (2023) ஆகிய ஆய்வுகள் தெளிவான தீர்ப்புச் சொல்லப் போதுமான நோயாளரைச் சேர்க்க முடியாமற்போனவை. ஆகவே ஆளுக்கு ஆள் முடிவு வேறுபடும். இரண்டு வைத்தியர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பிழை என்று அர்த்தமல்ல. டயலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் என்ற மருந்து போடுவார்கள் என்பதால் குளிசை எடுப்பதைப் பிரிவுத் தாதியருக்கு ஒவ்வொரு புது மாற்றத்திலும் சொல்லவேண்டும். வார்பரின் எடுக்கும் டயலிசிஸ் நோயாளியின் தொடையிலோ வயிற்றிலோ கடும் நோவுடன் கருநீலத் திட்டுகள் வந்தால், அதைத் தோல் நோயென்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டாம். தோலின் சிறு குழாய்களில் கல்சியம் படியும் ஆபத்தான நிலை அது.

இரத்தக்கசிவை வீட்டில் கண்டுபிடிப்பது எப்படி? கறுத்த மலம்தான் முதல் அடையாளம், ஆனால் சிறுநீரக நோயாளிகள் பலர் இரும்புச்சத்துக் குளிசையும் எடுக்கிறார்கள், அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும். இரும்பினால் வருவது கரும்பச்சை, உருவமாக இருக்கும். இரத்தத்தால் வருவது தார் போலப் பளபளத்து ஒட்டும், நாற்றம் சகிக்காது. சந்தேகம் என்றால் இரத்தம் என்றே எண்ணிப் போகவும். தேநீர்ச் சாயம் அல்லது இறைச்சி கழுவிய நீர் போன்ற சிறுநீர், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், காரணமில்லாமல் ஏறிவரும் இளைப்பும் வெளிறலும் இதே வகை. விழுந்து தலை அடிபட்டால் காயம் இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசினாலும், ஸ்கான் செய்யத்தான் வேண்டும். முதியவரின் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் மெல்லக் கசியும் இரத்தம் இரண்டு வாரம் கழித்தும் தன்னைக் காட்டும்.

அவசரத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990. வண்டி வருமுன் இரண்டு தகவலைத் தயாராக வைத்திருங்கள்: குளிசையின் பெயர், கடைசியாக எடுத்த நேரம். ‘காலையில்’ என்று சொல்லாமல் ‘ஏழரைக்கு’ என்று சொல்லுங்கள். வார்பரினுக்கு விற்றமின் கேயும் குருதித் திரவப் பொருட்களும் எதிர்மருந்து. புதியவற்றில் எவ்வளவு உள்ளே மிச்சம் இருக்கிறது என்பதை அந்த நேரத்தையும் சிறுநீரகக் கணக்கையும் வைத்துத்தான் வைத்தியர் ஊகிக்கிறார்.

பல் பிடுங்கவென்று ஒரு வாரம் முன்னாலேயே தானாக நிறுத்துவது இன்னொரு வழக்கம். ஓரிரு பல் என்றால் வார்பரினை நிறுத்தாமலே, ஐ.என்.ஆர் 4க்குக் கீழே இருப்பதை முதல் நாள் உறுதிசெய்து பிடுங்கலாம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் எத்தனை நாள் முன் நிறுத்துவது என்பது மறுபடியும் கணக்கைப் பொறுத்தது. டபிகட்ரான் எடுக்கிறவரின் கணக்கு 50க்குக் கீழே என்றால் நான்கு நாள் வரை போகும், புதிய குளிசை எடுக்கும் மற்றவருக்குப் பெரும்பாலும் இரண்டு நாள் போதும்.

கிளினிக்குகளுக்கும் பார்மசிகளுக்கும் எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல, பணச் செலவும் இல்லை. கிளினிக் கொப்பியின் மட்டையின் உட்பக்கத்தில் ஐந்து விடயம் எழுதவேண்டும்: நிறை, கிரியேட்டினின், அது எடுத்த திகதி, சூத்திரத்தில் வந்த கணக்கு, அதற்கேற்ப எழுதிய குளிசையும் மில்லிகிராமும். அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, பின்னேரத் தனியார் வைத்தியருக்கு வேறு கொப்பி என்று வைத்திருப்பவர்கள் இரண்டிலும் ஒரே பக்கத்தைப் பிரதி எடுத்து ஒட்டட்டும். பார்மசியில் நிற்பவர் பழைய துண்டுக்குக் குளிசை கொடுக்குமுன் அந்தத் திகதியைப் பார்க்கட்டும். ஆறு மாதம் தாண்டியிருந்தால் ஒரு கிழமைக்கு மட்டும் கொடுத்து, இரத்தம் பார்த்துவரச் சொல்லட்டும். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வீட்டில் இன்னும் இருவரிடம் வைத்திருந்தால், நள்ளிரவில் வாய் குழறி ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும்போது கொப்பி தேடி அலுமாரியைக் கிளற வேண்டியிராது.

இப்படிக்கு,
மருந்தாளரும் மருத்துவத்துறையினருமான வாசகர் சிலர்,
யாழ்ப்பாணம்.